கழுவியதாகச் சொன்ன வால்வு

கன்னிகாவுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். பஸ்ஸில் போனால் கைப்பிடிக் கம்பியை முந்தானையால் சுற்றித்தான் பிடிப்பாள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சத்தம் போட்டு ரசம் உறிஞ்சினால், பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவாள். நாகலாபுரத்தில் அவளைத் தெரிந்தவர்கள், "அந்தம்மா தண்ணியையே கழுவிக் குடிக்கும்" என்பார்கள்.

அப்படிப்பட்டவள் டீசல் கார் ஓட்டிப் பிழைத்தாள். ஸ்ரீசிட்டி கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டி வருவாள். புருஷன் வேங்கடாசலத்துக்கு நிலத்து வேலையே சரியாக இருந்ததால் கார் முழுக்க அவள் பொறுப்பு. தினமும் சீட்டைத் துடைப்பாள், மிதியடியை உதறிப் போடுவாள். உள்ளே யாரும் எதையும் தின்னக் கூடாது. அந்தப் பெண்களுக்கு அது பிடித்திருந்தது. கம்பெனி வேனில் வரும் நாற்றம் இதில் இல்லை.

அந்தக் கார் ஒருநாள் கறுப்பாகப் புகையத் தொடங்கியது. நின்ற இடத்தில் உதறியது. மேட்டில் இழுவையே இல்லை. பின்னால் பைக்கில் வெள்ளை வேட்டியில் கோயிலுக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், முகமெல்லாம் கரியாகி, வண்டியை மறித்து நிறுத்தினார்.

"ஏமம்மா, காரா இதி? இட்டிகல பட்டீயா?"

காரா, செங்கல் சூளையா என்று தெலுங்கில் கேட்டுவிட்டார். கன்னிகாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

புத்தூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்த ரவி அவளுடைய கொழுந்தன்தான். அன்றே அவனிடம் விட்டாள்.

"ஈஜிஆர் வால்வு கரி புடிச்சி தொறந்தபடியே நின்னுக்கினு கீது அண்ணி," என்றான் ரவி. "இஞ்சின் வுடற புகையில கொஞ்சத்த திரும்ப இஞ்சினுக்கே அனுப்பற வால்வு அது."

"இன்னாது? தான் கக்கினத தானே துன்னுதா?"

"கொஞ்சம் துன்னாதான் உள்ள சூடு கொறையும், வெளிய வெஷப் புகை கொறையும். இப்ப அளவு மீறிப் போயிட்சி. வுட்டுட்டுப் போங்க, கழட்டி கழுவி வெக்கிறேன்."

சாயங்காலம் வண்டி புகையாமல் நின்றது. மீட்டரில் எரிந்துகொண்டிருந்த இஞ்சின் எச்சரிக்கை விளக்கும் அணைந்திருந்தது. ரவிக்கு அன்றிரவு தன் கையால் மீன் குழம்பு ஊற்றினாள்.

சில வாரங்கள் நன்றாக ஓடியது. பிறகு ஒரு காலையில், சத்தியவேட்டைத் தாண்டியதும், காருக்குள் கரி நாற்றம் ஏறியது. பின்னால் மறுபடி கரும்புகை. எவ்வளவு மிதித்தும் வண்டி நகர மறுத்தது. மூச்சிரைப்புக்கு மருந்து இழுக்கும் ஹர்ஷினி என்ற பெண் இருமி இருமிக் கண் சிவந்துபோனாள். ஓரமாக நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, வந்த ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள் கன்னிகா. இவ்வளவு நடந்தும் மீட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. ரவிக்குப் பேச எடுத்த போனை வைத்துவிட்டாள்.

காரை உருட்டாத குறையாகத் திருப்பதிக்கு ஓட்டிக்கொண்டு போய், ரேணிகுண்டா ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் தீனாவிடம் நிறுத்தினாள். தீனா ஸ்கேனரைச் செருகிப் பார்த்தான்.

"ரெண்டு கோளாறு காட்டுது அக்கா. புதுசா காத்து பிரஷர் கம்மி. பழசா ஈஜிஆர்ல புகை ஓட்டம் இல்ல. லைட்டு எரியலயா?"

"எரியவேயில்ல."

முதலில், இஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து போகும் ரப்பர் குழாய் கிழிந்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினான். காற்று பிரஷர் சரியானது. அடுத்து இஞ்சினை ஓடவிட்டு, ஸ்கேனரிலிருந்தே ஈஜிஆர் வால்வைத் திறக்கச் சொன்னான். புகை உள்ளே போனால் இஞ்சின் திணற வேண்டும். அது அலுங்காமல் ஓடியது.

"வழியே அடஞ்சி கீது."

குழாயைக் கழற்றினான். அது பொருந்தும் இணைப்புக்கு நடுவே, எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த தகடு ஒன்று புகை வழியை அடைத்துச் செருகியிருந்தது. வால்வைக் கழற்றினான். யாரும் அதைத் தொட்டதாகவே தெரியவில்லை. எண்ணெயும் கரியும் சேர்ந்து ஊறி, கறுத்த களியாக, வாய் முழுக்க அப்பியிருந்தது. கடைசியாக மீட்டரைப் பிரித்தான். இஞ்சின் விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

கன்னிகா பட்டறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்து, "பிரஷ்ஷக் குடு. நான் கழுவறேன்," என்றாள்.

"நம்ம ஆளுங்க செய்வாங்க அக்கா."

"கழுவிட்டேன்னு ஒருத்தன் சொல்லி நான் கேட்டது போதும்."

வால்வின் மோட்டார் பக்கம் கரி கரைக்கும் மருந்து படாமல் எப்படிப் பிடிப்பது என்று தீனா காட்டிக் கொடுத்தான். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே சுரண்டினாள். கரி நகத்துக்குள் போனது, முழங்கைவரை வழிந்தது. உலோகம் வெள்ளையாகத் தெரிந்த பிறகுதான் கையை எடுத்தாள். தகடில்லாமல் மாட்டி ஓட்டியபோது, ஸ்கேனரில் திறக்கச் சொன்னதும் இஞ்சின் திணறியது, மூடச் சொன்னதும் சமமானது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு ரவி வந்தான். அவன் முன்னால் தகட்டை வைத்தாள். அவன் சிரித்தான்.

"எல்லா ஷெட்லயும் இதத்தான் அண்ணி செய்றாங்க. வண்டி நல்லா இழுத்துச்சா இல்லியா?"

"அடச்சிட்டேன்னு சொல்லியிருந்தா அப்பவே திட்டிட்டு வுட்டுருப்பேன். வெளக்க எதுக்குடா மூடின?"

"லைட்டு எரிஞ்சா நீங்க பயப்படுவீங்களேன்னுதான்…"

"குழாய் கிழிஞ்சது எனக்குத் தெரிய வேணாமா? அந்தப் பொண்ணு மூச்சு வுட முடியாம ரோட்ல குந்திக்கினு இருந்திச்சே!"

ரவி வேங்கடாசலத்தைப் பார்த்தான். "வுடு கன்னிகா, நம்ம புள்ளதானே," என்றான் வேங்கடாசலம். அந்தப் பேச்சு அவளுக்கு வால்வில் இருந்த களியைவிட அசிங்கமாக இருந்தது. இருவருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். ரவி பருப்பைப் பிசைந்து, விரலை நக்கி நக்கிச் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்காமல் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டாள்.

அதன்பின் ரவி வரவில்லை. அவன் மனைவி பிரமிளாதான் ஒருமுறை போன் செய்து, "வண்டிய கொண்டாங்கக்கா, இந்த வாட்டி ஒழுங்கா பாப்பாரு," என்றாள். சரி என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் குழந்தைகளை விசாரித்துவிட்டு வைத்தாள் கன்னிகா. அடுத்த சர்வீஸுக்குப் புத்தூர் வழியாகத்தான் போனாள். ரவியின் ஷெட் வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. வேகத்தைக் குறைக்காமல் திருப்பதிக்கு ஓட்டினாள்.