ஜப்பான்கார அம்மா கொடுத்த பெட்டி

மும்பை விமான நிலையத்தில் டிராலி தள்ளுகிறவனுக்கு ஒவ்வொரு நாடும் அது கொடுக்கும் டிப்ஸை வைத்துத்தான் தெரியும். அமெரிக்காக்காரர் நான் பெட்டியைத் தொடுமுன்பே நோட்டை நீட்டுவார். துபாயிலிருந்து வரும் எங்கள் திருநெல்வேலி ஆட்கள் தோளில் கைபோட்டு ஊர் விசாரிப்பார்கள், அந்த விசாரிப்போடு சரி.

டிப்ஸ் வாங்கினால் வேலை போய்விடும் என்று கான்ட்ராக்ட் கம்பெனி சுவரில் ஒட்டியிருந்தது. வாங்கியதில் பாதியை ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசரிடம் கொடுக்க வேண்டும் என்பது ஒட்டாத சட்டம். அதையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். மானங்கெட்ட பிழைப்பு. ஆனால் தாராவியில் வாடகைக்கு இருக்கிறவனுக்கு அந்த வேலையும், உள்ளே போக வர கழுத்தில் தொங்கும் பாஸும்தான் சோறு.

ஒருநாள் ஜப்பானிலிருந்து வந்த வயதான அம்மா ஒருவரின் சாமான்களை வெளியே கார்வரை தள்ளி வந்தேன். அவரை அழைத்துப்போக ஆபீஸிலிருந்து வந்திருந்தவர் தமிழர். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே குஷி.

"தாராவியா? நான் மாட்டுங்காப்பா. பக்கத்துலயே இருந்துண்டு பாக்காம இருந்திருக்கோமே!"

அந்த அம்மா கைப்பையிலிருந்து அழகாகக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டிக் குனிந்தார். நான் தயங்கினேன்.

"வாங்கிக்கோப்பா. அவங்க ஊர்ல டிப்ஸ் குடுத்தா அவமானம். ஸ்வீட்தான், மரியாதைக்குக் குடுக்கறாங்க," என்றார் அவர். பாதி வெளியே எடுத்திருந்த தன் பர்ஸையும் உள்ளே வைத்துக்கொண்டார்.

வாங்கிக்கொண்டு திரும்பினேன். கேட்டில் காவலாளி மறித்தார். பெட்டி யாருடையது, எந்தப் பயணியின் பையிலிருந்து எடுத்தாய் என்று கேள்வி. சூப்பர்வைசர் வந்து அதைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பைசா லேனா தா நா, பாகல்! பைசா கோன் பூச்தா ஹை?" என்று என் காதருகே சீறினான். காசாக வாங்கித் தொலைத்திருக்கலாமே, காசை யார் கேட்கப்போகிறார்கள் என்கிறான். காசென்றால் அவனுக்குப் பாதி உண்டு. மிட்டாயில் என்ன இருக்கிறது? பங்கு தராதவன் திருடன்! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கார் இன்னும் போகவில்லை. டிரைவர் சாமானை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓடினேன். சூப்பர்வைசரும் பெட்டியோடு பின்னாலேயே வந்தான். மாட்டுங்காக்காரர் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"சார், இந்தப் பெட்டிய அந்த அம்மாதான் குடுத்தாவன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இல்லன்னா எம் பாஸ் போயிரும் சார்."

"லிக்கே தேனா படேகா, சாஹப்," என்றான் சூப்பர்வைசர்.

எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் அவர் முகம் மாறியது.

"நான் போன்ல இருந்தேன்பா. எதையும் கவனிக்கலை."

"நீங்கதான சார் வாங்கிக்கன்னு சொன்னிய!"

கண்ணாடி மேலேறியது. பெற்ற தகப்பனாக இருந்தாலும் அந்த நிமிடம் சட்டையைப் பிடித்திருப்பேன், நடுவில் கண்ணாடி இருந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். உள்ளே கேட்டிருக்காது.

பின்சீட்டிலிருந்து அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். இன்னொரு முறை நன்றி சொல்ல ஓடி வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, முகமெல்லாம் சிரிப்பாக, உட்கார்ந்தபடியே தலையைத் தாழ்த்தி வணங்கினார். சூப்பர்வைசர் அப்போது என் கழுத்திலிருந்து பாஸை உருவிக்கொண்டிருந்தான்.