ஓடாமல் போன மூன்றாவது ரீல்

என் தாடையை உடைத்தது ஒரு மைக் ஸ்டாண்டு. மார்கழிப் பனியில் இடது காதுக்குக் கீழே இப்போதும் வலிக்கும். வலிக்கும்போது அடித்தவர் முகம் நினைவுக்கு வருவதில்லை, ஒரு சினிமாதான் வருகிறது. அது நல்ல படம். இதைச் சொல்வதற்கு இத்தனை வருஷமாக எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் எங்களுக்கு ஒரு திரைப்படச் சங்கம் இருந்தது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜங்ஷன் பக்கம் ஒரு மாடி ஹாலில், ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி, சின்ன புரொஜெக்டரில் வெளிநாட்டுப் படம் போடுவோம். படப்பெட்டி மெட்ராஸிலிருந்து ரயிலில் வரும். ஆங்கில வசனம் பாதிப் பேருக்குப் பிடிபடாது. அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒருவன் மைக்கோடு நின்று வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவான். கதைச் சுருக்கம் கிடையாது. திரையில் யார் பேசுகிறாரோ அவராகவே பேசவேண்டும். அந்த ஆள் நான். பேட்டையில் அறை எடுத்துத் தங்கி ஒரு டுட்டோரியலில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மைக்கைப் பிடித்தால் கொலைகாரனாகவும் பேசுவேன், மகாராணியாகவும் பேசுவேன். அதற்காக யாரும் என்னைப் போலீஸில் பிடித்துக் கொடுத்ததில்லை, மாலை போட்டுக் கும்பிட்டதும் இல்லை.

அந்தப் படத்தைத் தருவித்தது சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சி. எய்ட்ஸ் பற்றிய படம் என்று யாரோ சொன்னதை நம்பி, டாக்டர் வந்து கையுறை மாட்டிப் பாடம் நடத்துவார் என்று நினைத்துவிட்டார். கல்லூரிப் பையன்களையும் பெரிய மனிதர்களையும் அழைத்துவிட்டார். முந்தின நாள் ஒத்திகைக்காக நானும் அவரும் ஹாலில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தோம். இரண்டாவது ரீல் பாதியில் அவர் எழுந்துவிட்டார்.

"என்னவே இது, ரெண்டும் ஆம்பளையால்லா இருக்கான்" என்றார். பிறகு சொன்னார்: "கூப்பிட்டாச்சு, நிறுத்த முடியாது. நீரு அந்த மாதிரி எடத்தையெல்லாம் கொஞ்சம் அமுக்கிச் சொல்லும். நண்பன், நண்பன்னு சொல்லிட்டுப் பைய ஓட்டிரும்."

அவர் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாவது ரீலை நான் தனியாகப் பார்த்தேன்.

இரண்டு ஆண்கள், ஒரே வீடு. ஒருவனுக்கு எய்ட்ஸ், மற்றவன் அவனோடு வாழ்கிறவன். எடுத்தவரிடம் காசில்லை என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். மேலேயிருந்து மைக் அடிக்கடி தலைநீட்டிப் பார்க்கும். ஒரே சண்டைக்குள் வெயில் மாறும். காலையில் ஆரம்பித்த வசவு சாயங்கால வெளிச்சத்தில் முடியும். தெருவைக் காட்டக் காசில்லாததால் ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவர் மட்டுமே தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சுவரை எட்டி உதைக்கவேண்டும் போல எனக்கு வெறி வந்தது. நோயாளிக்கும் அதே வெறி வருகிறது. அவன் தட்டை அந்த ஜன்னல்மேல் வீசுகிறான். கண்ணாடி உடைகிறது. அந்தக் கண்ணாடி அதற்குப் பிறகு படம் முழுக்க உடைந்தேதான் இருக்கும். மாற்றக் காசில்லையா, மாற்ற மனசில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தப் படத்தில் யாரும் அழகாகச் சாகவில்லை. கூட இருப்பவன் நாறிப்போன துணிகளை அலசிக்கொண்டே கெட்ட வார்த்தை சொல்கிறான். சீக்காளி அவன் முகத்தில் துப்புகிறான். இவன் ஓங்கி அறைகிறான், அறைந்த கையாலேயே நெற்றியைத் தொட்டு ஜுரம் பார்க்கிறான். நோயாளியைச் சாமிபடம் ஆக்காமல் கோபமுள்ள மனுஷனாகவே விட்டிருந்தார் எடுத்தவர். அதுவரை நான் பார்த்த படங்களில் எங்களைப் போன்றவர்கள் வந்தால் கையைத் தட்டி, இடுப்பை ஆட்டி, சிரிப்பு மூட்டிவிட்டுப் போவார்கள். என் அறையில் நடக்கும் சண்டையைத் திரையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் அறைச் சண்டையின் மறுபாதி அவன். அவனை நண்பன் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. மாஞ்சோலையில் தேயிலை எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்தான். சனிக்கிழமை மலைப் பஸ்ஸில் இறங்கி, சட்டையெல்லாம் தேயிலை வாசத்தோடு பேட்டைக்கு வருவான். ஞாயிறு சாயங்காலம் சண்டை போட்டுவிட்டுப் போவான். பல வருஷம் அப்படி ஓடியது. முந்தின வருஷம் அவனுக்கு நோய் தெரிந்தது. எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எனக்கு இல்லை. அது எப்படி என்று கேட்டுக்கொண்டு இருவரும் மாறிமாறி அடித்துக்கொண்ட நாட்களும் உண்டு.

அவனை எஸ்டேட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அப்பா அம்மா இருவரும் இல்லை. ஆற்றங்கரையோரம் சைவக் குடும்பத்துப் பெரிய வீடு, அங்கே அவன் அண்ணன் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், எங்கள் சங்கத்திலும் உறுப்பினர். அவரை வாத்தியார் என்றே எழுதுகிறேன்; எனக்கு அவர்மேல் இருக்கிற மரியாதை அவ்வளவுதான். தம்பியைத் தோட்டத்துப் பின்னறையில் வைத்தார். தட்டையும் தம்ளரையும் தனியாக்கினார். ஊருக்கு டி.பி. என்று சொன்னார். எங்களைப் பற்றி அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதற்காகவே ரொம்பப் பாடுபட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. வாத்தியார் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்த பிறகு கடைசி வரிசையில் அவன் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். கழுத்தில் மஃப்ளர், முழுக்கைச் சட்டைக்குள் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

முதல் ரீல் முழுக்க நான் நண்பன், நண்பன் என்றே சொன்னேன். திரையில் ஒருவன் இன்னொருவனுடைய புண்ணைக் கழுவுகிறான். நான் 'நண்பா, வலிக்கிறதா' என்கிறேன். பையன்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எனக்கு என் வாயைப் பிடுங்கிப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

இரண்டாவது ரீலின் கடைசியில் நோயாளியின் அப்பா வருகிறார். மகனைக் கொண்டுபோகிறேன், செத்தால் எங்கள் ஆட்கள் அடக்கம் செய்வார்கள் என்கிறார். கூட இருப்பவன் வாசலை மறிக்கிறான். 'அவனைப் புதைக்கப்போவது நான்' என்பது அங்கே வரும் வசனம். புதைப்பது யார் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் உறைக்காது. நான் மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னேன்:

"அவன் என் வீட்டுக்காரன். அவனுக்குக் கொள்ளி வைக்கிறது நாந்தான்."

சிரிப்பு நின்றது. கொள்ளி என்றால் உரிமை. மகனுக்கு, உடன்பிறந்தவனுக்குப் போக மற்றவன் அதைக் கேட்டால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அது படத்து வசனம் அல்ல என்பது அந்த ஹாலில் அவனைத் தவிர ஒருவருக்கு மட்டும் புரிந்தது. திரையில் அப்பா கையை ஓங்கிய அதே நேரத்தில் வாத்தியார் மேடையேறிவிட்டார். "என்னலே சொன்ன, சவத்து மூதி" என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்டாண்டைப் பிடுங்கி இரும்பு அடிப்பாகத்தால் வீசினார். தாடை கழன்ற சத்தம் எனக்கு உள்ளேயிருந்து கேட்டது. விழுந்தேன். வாத்தியாரே அடித்த பிறகு மற்றவர்களுக்கு என்ன தயக்கம். மடக்கு நாற்காலிகள் என் முதுகில் வந்து விழுந்தன. விலாவில் மிதித்தார்கள். மாதாமாதம் படம் முடிந்ததும் எனக்கு வணக்கம் வைத்தவர்கள்தான் எல்லோரும். ஒருவன் என்மேல் ஏறி நின்று மிதித்தான். திரை கிழிந்தது, படம் எங்கள்மேல் ஓடிக்கொண்டிருந்தது. மிதித்தவன் சட்டையில் அந்த உடைந்த ஜன்னலைப் பார்த்தேன்.

அப்போது அவன் வந்து என்மேல் கவிழ்ந்து படுத்தான். எடையே இல்லை.

"எனக்கு டி.பி. இல்ல. எனக்கும் இந்தப் படத்துல உள்ள சீக்குதான்" என்றான். சத்தம்கூடப் போடவில்லை. "வாங்கலே. வந்து தொட்டு அடிங்க."

கூட்டம் பின்வாங்கியது. வாத்தியார் மட்டும் தம்பியை அறையக் கையை ஓங்கினார். கை பாதியில் நின்றது. பிறகு பின்னால் போய்விட்டது. அடிக்கக்கூட அவரால் தம்பியைத் தொட முடியவில்லை. தொட்டால் ஒட்டாது என்று படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டிய காலம்தான் அது.

மூன்றாவது ரீல் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அன்றைக்கே ரயில் ஏற்றிவிட்டார்கள். டுட்டோரியலில் இனி வரவேண்டாம் என்றார்கள். என் பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டிவிட்டார் டாக்டர்.

ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு வாத்தியாருக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. அவர் பள்ளிக்கூடம் போன பகல் நேரங்களில் நான் பின்னறைக்குப் போனேன். என்னைத் தடுக்க ஆள் கிட்டே வரவேண்டுமே, அந்த அறைப் பக்கம் யாரும் வருவதில்லை. அவன் கேட்டது ஒன்றுதான்.

"கடைசில என்ன ஆச்சுலே? நீ பாத்தேல்லா, சொல்லு."

கட்டிய பல்லுக்கு இடையில் எச்சில் ஒழுகச் சொன்னேன். சீக்காளி செத்துப்போகிறான். அப்பா உடம்பைக் கொண்டுபோய்விடுகிறார். சாவுக் கூட்டத்தைக் காட்டக் காசில்லை. அதனால் கூட இருந்தவன் ஒரு மதிலுக்கு வெளியே நிற்கிறதை மட்டும் காட்டுகிறார்கள். உள்ளே ஜபம் கேட்கிறது, மண் விழுகிற சத்தம் கேட்கிறது. இவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு மதிலையே பார்த்து நிற்கிறான். படம் முடிகிறது. கோடி ரூபாய் கொட்டியிருந்தாலும் இந்தக் காட்சி வந்திருக்காது. காசு இருந்திருந்தால் நம்மை உள்ளே கூட்டிப் போயிருப்பார்கள். அழுது முடித்துவிட்டு நாமும் வீட்டுக்குப் போயிருப்போம்.

அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். இழுக்கிற பலம் எங்கிருந்து வந்ததோ, பித்தான் தெறித்துவிட்டது.

"நீ வெளிய நின்னுராதலே. மைக்குல சொன்னேல்லா. சொன்னதச் செய்யி."

செய்கிறேன் என்றேன். எப்படிச் செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. வாத்தியார் உயிரோடு இருக்கும்வரை அந்தச் சுடுகாட்டுக்குள் என்னை விடமாட்டார். உள்ளே போவதென்றால் அவரைக் கொன்றுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பேட்டை அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிஜமாகவே போட்டேன்.

என் கம்பியை அவிழ்க்கும் முன்பே அவன் போய்விட்டான். எனக்குச் சொல்ல வந்தது வாத்தியாரேதான். காலையில் என் அறை வாசலில் நின்றார், முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒருத்தனும் தொடமாட்டேங்கான். பாடை கட்டுதவன் வரல. சொந்தக்காரன் எல்லாம் தெருமுக்குலயே நிக்கான். நீ வா" என்றார்.

"கொள்ளி?" என்றேன் பல்லுக்குள்.

"நீயே வையி. அதுக்குத்தான ஆசப்பட்ட."

கண்ணாடி முன் நின்று என் மீசையை நானே மழித்தேன். கத்தி பட்டு உதடு கீறியது. பிறகு போய் அவனைக் குளிப்பாட்டினேன், வெறுங்கையால். தூக்கும்போது தலைப்பக்கம் வாத்தியார் பிடித்தார். இரண்டு கையிலும் ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பைகளை மாட்டி மணிக்கட்டில் நூலால் கட்டியிருந்தார். பேட்டையிலிருந்து நான் பிடித்து வந்த லோடு வண்டியில் ஏற்றினோம்.

சுடுகாட்டில் விறகு அடுக்கியிருந்தவர் தூரத்தில் நின்றபடி அரிவாளை எங்கள் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டு விலகிப்போனார். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சிதையைச் சுற்றவேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னாலிருந்து ஒருவர் அரிவாளால் குடத்தைக் கொத்தித் துளைபோடவேண்டும். வேறு ஆள் இல்லை. வாத்தியார் அரிவாளை எடுத்தார்.

நான் குடத்தோடு முன்னால் நடந்தேன். என் தாடையை உடைத்தவர் என் பிடரிக்குப் பின்னால் அரிவாளோடு வந்தார். முதல் கொத்து குடத்தில் விழுந்து, தண்ணீர் முதுகில் வழிந்தது. இரண்டாவதற்கு முன் அவர் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. கழுத்தில் இறங்கப்போகிறது என்று நினைத்தேன், இறங்கினால் இறங்கட்டும் என்று தலையைக் குனியாமல் நடந்தேன். குடத்தில்தான் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. குடத்தைப் பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பாமல் தீயை வைத்தேன்.

ஆற்றில் வாத்தியார் பைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மணலை அள்ளிக் கைகளைத் தேய்த்தார். தோல் சிவக்கத் தேய்த்தார். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்.

"அந்தப் படத்துல அப்பங்காரன் கடைசில அவன உள்ள விட்டானா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

கைகளைத் தேய்த்தபடியே, "நான் விட்டுட்டேன்லா" என்றார்.

முகத்தின் நடுவில் குத்தினேன். தண்ணீரில் சாய்ந்து எழுந்தார், மூக்கிலிருந்து ரத்தம் ஆற்றில் சொட்டியது. கையை ஓங்கினார். சற்று முன்புவரை அவர் தம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த என் கைகளைப் பார்த்தார். ஓங்கிய கை பாதியில் நின்றது, அன்றைக்குத் தம்பிக்கு நின்ற அதே இடத்தில்.

நான் இன்னொரு குத்து விட்டேன்.