பின்தளத்துக்கு ஒரு டீ

உலகக் கடல்களில் ஓடும் போர்க்கப்பல்கள் அனைத்திலும் பேயை நம்பாத ஒரே மாலுமி நான்தான். இதை அடக்கத்தோடு சொல்கிறேன். கீழே எழுதியிருப்பது அப்படியே நடந்தது. என் கொள்கைக்கு விரோதமாக நடந்ததால் எனக்கு அதில் வருத்தமும் உண்டு.

எங்கள் காவல் குழுவில் ஒன்பது பேர் வேலையை ஐந்து பேர் பார்த்தோம். மீதி நான்கு பேர் காகிதத்தில் இருந்தார்கள். காகிதத்தில் இருப்பவர்களுக்குத் தூக்கம் வராது. எங்களுக்கு வந்தது. நின்றுகொண்டு தூங்கினோம். பல் துலக்கிக்கொண்டே தூங்கினோம். ஒருவன் சல்யூட் அடித்த கையை இறக்காமலே தூங்கினான். ஒழுக்கமானவன் என்று அவனைப் பாராட்டினார்கள்.

இரவுக் காவலில் ஒரு வழக்கம். கப்பலை ஓட்டும் அறையிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை, இடது, வலது, பின்தளம் என்று மூன்று காவல் இடங்களையும் தலையில் மாட்டிய போனில் கூப்பிட வேண்டும். ‘விழிச்சிருக்கேன்’ என்று பதில் வர வேண்டும். நான் சேருவதற்கு முன்பே பின்தளத்துக்கு ஆள் போடுவதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எங்கள் மூத்த மாலுமி, எல்லோருக்கும் மாமா, அதையும் கூப்பிடுவார். காவல் தொடங்கும் முன் ஒரு டம்ளர் டீயை அங்கே வைத்துவிட்டும் வருவார்.

“ஆளே இல்லாத இடத்துக்கு டீ. ஆள் இருக்கிற இடத்துக்குத் தண்ணிகூட வரல. பேசாம நானும் இல்லாம போயிடவா மாமா?”

“வாயை மூடிட்டு சக்கரத்தைப் பிடிடா.”

ஒரு நாள் இரவு மாமாவுக்குக் காய்ச்சல். டீ போகவில்லை. சக்கரமும் என்னிடம், போனும் என்னிடம். ரேடார் திரைக்கு எதிரே இளம் அதிகாரி கண்ணைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

மணி 2.30.

“இடது?”

“விழிச்சிருக்கேன்...” கொட்டாவி. அவன் பட்டப்பெயரே அதுதான்.

“வலது?”

“ம்...”

பின்தளத்தைக் கூப்பிடவில்லை. எனக்குக் கொள்கை உண்டு.

மணி 3.00.

“இடது?” மூச்சு மட்டும்.

“வலது?” குறட்டை.

எரிச்சலில், மாமா குரலிலேயே கூப்பிட்டேன். “பின்னாடி?”

கர்ர்ர்... கர்ர்ர்... என்று போன் இரைந்தது.

“விழிச்சிருக்கேன்.”

“டேய் கொட்டாவி, போதும்டா.”

ஜன்னல் வழியே பார்த்தேன். கொட்டாவி கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். போன் அவன் கழுத்தில் தொங்கியது.

“தம்பி... பின்னாடி ஒரு கப்பல். சிவப்பு, பச்சை ரெண்டு விளக்கும் சேர்ந்து தெரியுது.”

இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அதன் மூக்கு நேராக எங்களைப் பார்த்து இருக்கிறது என்று பொருள். எங்கள் கப்பலின் பின்பாதியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, முப்பது பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். காய்ச்சலோடு மாமாவும்.

“சார்!”

அதிகாரி அசையவில்லை.

“வலது பக்கம் திருப்பு, தம்பி.”

உத்தரவு இல்லாமல் திருப்பக் கூடாது...

“திருப்பு.”

திருப்பினேன்.

டம்... டம்... டம்...

எங்கள் இன்ஜின் அல்ல.

இடப்பக்க ஜன்னல் இருண்டது. ஒரு இரும்புச் சுவர் உரசாமல் போனது.

போய்க்கொண்டே இருந்தது.

அதன் ஓட்டும் அறையில் விளக்கு எரிந்தது.

யாரும் நிற்கவில்லை.

போனில் ஒரு பெருமூச்சு. “டீ இன்னும் வரலையே, தம்பி...”

விடிந்ததும் மாமாவிடம் ஓடினேன். நான் சொன்னதையெல்லாம் போர்வைக்குள்ளிருந்தே கேட்டார்.

“அங்க போனே கிடையாதேடா. போன வருஷமே கழட்டியாச்சு.”

“கழட்டி?”

“நீ தலையில மாட்டியிருந்தியே, அதுதான். புதுசு எவன் வாங்கித் தந்தான்?”

பின்தளத்தில் கடைசியாக நின்றவன் தொடர்ந்து மூன்று காவல் நின்றானாம். மாற்றிவிட ஆள் இல்லை. நடு ராத்திரியில் டீ கேட்டானாம். கொண்டுபோகவும் ஆள் இல்லை. காலையில் பார்த்தால் இடம் காலி. தூக்கத்தில் கடலில் விழுந்திருக்கிறான்.

“எத்தனை மணிக்கு மாமா?”

“அதான் தெரியல. விடியற வரைக்கும் விழிச்சிருக்கேன்னு பதில் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.”

பேய் என்று ஒன்று கிடையாது. இதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

அன்று மாலை டீ போட்டேன். சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக. காற்றில் ஆறிவிடாமல் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு பின்தளத்துக்கு நடந்தேன்.