ஒன்பது வயதில் உளுந்தங்களி

காலை ஏழே கால். தெருக்குழாயிலிருந்து குடத்தோடு திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது, வாசற்படியில் நின்றிருந்த என் தங்கையின் நீலப் பாவாடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. பள்ளிக்கூடப் பை தோளில் இருந்தது. விழுந்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். அவளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. எனக்குப் பன்னிரண்டு, நான் இன்னும் வயதுக்கு வரவில்லை.

பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு வாரம் அதுதான் பேச்சு. "பெரியவ இருக்க சின்னவ முந்திக்கிட்டாளே!" என்று பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோலார் தங்கவயலிலிருந்து தாய்மாமன் வந்து அவள் தனியே இருக்கப் பச்சை ஓலைக் குடிசை கட்டினார். அவர் கொண்டுவந்த பட்டுப் புடவையை மடித்து மடித்துத்தான் அவளுக்குச் சுற்ற முடிந்தது. ஓலைக்குள்ளிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்.

"மாமா, திங்கக்கிழம ஸ்கூலுக்குப் போலாமா?"

"மொதல்ல களியத் தின்னு கண்ணு."

உளுந்தங்களி, அதன் நடுக்குழி நிறைய நல்லெண்ணெய், காலையில் பச்சை முட்டை. மற்றப் பெண்களுக்குப் பதினாறு நாள். இவளுடையது சிறுபிள்ளை இடுப்பு, பலப்பட வேண்டும் என்று அம்மா நிறுத்தவில்லை. அடுத்த மாதம் தீட்டு வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. கர்ப்பப்பை பலவீனம் என்று முட்டை இரண்டாயிற்று.

"மாசா மாசம் சரியா வரட்டும். அப்புறம் ஸ்கூலு" என்றாள் அம்மா.

தங்கை அடம்பிடிக்கவில்லை. நிறையத் தின்றால் சீக்கிரம் வரும் என்று நம்பி, கிண்ணத்தை வழித்துத் தின்றாள். ஆறு மாதத்தில் நீலப் பாவாடையின் நாடா முடிச்சுக்கு எட்டவில்லை. தெருப் பிள்ளைகள் "ஏ பூசணி" என்றன. நடந்தால் மூச்சு வாங்கியது.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை, ராணுவ மெஸ்ஸில் வேலை பார்த்த அப்பா தமிழில் சொன்னார்: "கருமுட்டைப் பை இன்னும் பழகலையாம். இந்த வயசுல முன்னபின்னதான் வருமாம். களி, எண்ணெய் எல்லாம் நிறுத்திட்டு, ஸ்கூலுக்கு நடந்து போவட்டும்ங்கறாங்க."

"நாளைக்கு இவளுக்குக் கொழந்த இல்லன்னா அந்தம்மாவா வந்து பதில் சொல்லும்?" என்றாள் அம்மா.

மறுநாளும் அம்மா களி கிண்டினாள்.

பதினான்கில் எனக்கு வந்தது. பதினேழாம் நாள் பள்ளிக்குப் போனேன். என் மாதங்கள் தவறவில்லை. ஒருநாள் நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ மட்டும் என்னாக்கா தின்னே?"

அவளுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் ஒழுங்காக வந்தபோது வயது பதின்மூன்று. அம்மா சொன்ன சொல் தவறவில்லை. புதுப் பாவாடை தைத்துப் போட்டு, பள்ளிக்கு அழைத்துப் போனாள். தலைமையாசிரியை தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வயதுப் பெண்ணை நான்காம் வகுப்பில் சேர்க்க முடியாது என்றார்.

அந்த மாதம் நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதினேன்.