இரண்டு டப்பா சுருள் கல்

என் தம்பியைக் குழியில் எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். ஓட்டுத் தொழிற்சாலைக்கு மண் எடுக்கிற குழி அது. முப்பது வருஷம் அங்கே மண் வெட்டினான். நடை ஒன்றும் மெதுவில்லை. நத்தைக் கூடு மாதிரி சுருண்ட கல்லாகப் பார்த்துப் பொறுக்கி வருவான், அதற்காக வைத்த பேர். "நத்தை இல்லடா, இது கணவாய் மீனுக்குப் பங்காளி" என்று ஒரு நாள் விளக்கம் சொன்னான். மறுநாளிலிருந்து கணவாய் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நத்தையே தேவலை என்று வாயை மூடிக்கொண்டான்.

அவன் கதையைச் சொன்னால் அவன் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போன கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் என் பங்கு உண்டு. இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழியில் மேலே செம்மண், அதற்குக் கீழே மஞ்சள் மண், அடி ஆழத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறக் களி. அந்தக் களிக்குள்தான் சுருள் கல் கிடக்கும். மனுஷன் பிறக்காத காலத்தில் அங்கே கடல் இருந்ததாம். அதில் நீந்திய பிராணியின் ஓடுதான் இப்படிக் கல்லாகிப்போனதாம். அம்மோனைட் என்று பேர் சொல்வான். ஓட்டுக்குள்ளே அறை அறையாக இருக்கும். பிராணி வளர வளர, இருந்த அறையைப் பின்னால் அடைத்துவிட்டு முன்னால் புது அறை கட்டிக் குடிபோகுமாம். "வாடகை கேக்க ஆளில்ல, கொடுத்து வெச்சது" என்பேன். அவன் சிரிக்க மாட்டான். கல் விஷயத்தில் அவனுக்குச் சிரிப்பு வராது.

மற்ற இடத்துக் கல் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்குமாம். இந்தக் குழிக் கல் மட்டும் பித்தளை தேய்த்த மாதிரி மின்னும். பார்த்தால் தங்கம்தான். ஆனால் அதற்கு ஒரு சாபக்கேடு, ஈரம் ஆகாது. களியை உலர்ந்த பிரஷால் தட்டித் தட்டி எடுப்பான். வெயிலில் காய வைப்பான். நிறமில்லாத நகப்பாலிஷை மேலே பூசுவான். அப்புறம் பஞ்சில் சுற்றி பிஸ்கட் டப்பாவில் அடுக்குவான்.

அவன் குணத்தையும் சொல்ல வேண்டும். குழியில் கூட வேலை செய்த ஒருத்தன் களிமண்ணைச் சுருட்டிச் சூளையில் சுட்டு, மேலே தங்கப் பெயின்ட் அடித்து, மண்ணுக்குள் புதைத்து வைத்தான். தம்பி எடுத்தான், நாக்கால் ஒரு தடவை நக்கிப் பார்த்தான், பையில் போட்டுக்கொண்டான். சுற்றி நின்ற அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு மாசம் போனது. அந்த ஆள் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வந்த அன்று, இவன் அதை எடுத்துச் சூளையில் போட்டுவிட்டான். உச்சி வெயிலில் அந்த ஆள் உடைந்த ஓட்டுச் சில்லின் மேல் வெறுங்காலோடு நடந்து போனதை நின்று பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்தான். வந்து என்னிடம் சொன்னான். நானும் சிரித்தேன். என் கையில் வளர்ந்தவன், எனக்கு அவன் செய்வதெல்லாம் சரியாகத்தான் படும்.

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயசு. நான்தான் வளர்த்தேன். புருஷனை இழந்து இரண்டு பெண்களோடு நான் நின்றபோது, தொழிற்சாலை கொடுத்த இரண்டு அறை வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனவனும் அவன்தான். பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள். முப்பத்தெட்டு வயசில் அவனும் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள், எனக்கு எல்லாக் கையெழுத்தும் ஒன்றுதான். அவன் எழுதினால் அவனுக்கே படிக்க வராது. அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் அவள்தான் சீட்டு எழுதினாள். எந்தச் சுவர், எத்தனை அடி ஆழம், என்ன அளவு, எந்த நாள் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதிக் கல்லோடு பஞ்சுக்குள் வைப்பாள். "சீட்டு போச்சுன்னா இது வெறும் ஜல்லி" என்பான் அவன். நகப்பாலிஷும் அவள் வாங்கி வருவதுதான். "ஊர்லயே நகப்பாலிஷ் போடற ஒரே ஆம்பளை எங்க வீட்டுக்காரர்தான்" என்பாள். அதற்கு மட்டும் சிரிப்பான்.

ஏழு வருஷம் அப்படிப் போனது. சாயங்காலம் இரண்டு பேரும் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். நான் கிட்டப் போனால், "அக்கா, கை ஈரமா இருக்கு, தொடாத" என்பான். நாள் பூரா அடுப்படியிலும் தண்ணீரிலும் கிடக்கிற கை வேறு எப்படி இருக்கும்? நாள் பூரா துணி துவைக்கிற அவள் கை மட்டும் காய்ந்துவிடுமாம்.

ஒரு நாள் வந்து, பெரிய ஊர் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு அதிகாரி கல்லைப் பார்க்க வருகிறார் என்றான். மழைக்காலம் முடிந்து வருவாராம். பிடித்திருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம். இவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. "ரெண்டு டப்பா போதும் அக்கா. நூத்து நாப்பது கல்லு. நல்லதெல்லாம் அதுலதான் இருக்கு."

அவர்கள் இருவரும் வேலைக்குப் போன ஒரு பகலில் அந்த இரண்டு டப்பாவையும் நான் திறந்தேன். வரி வரியாக ஓடுகிற பள்ளங்களில் களி அப்பிக் கிடந்தது. இப்படி அழுக்காகவா பெரிய மனுஷன் கையில் கொடுப்பது? ஈரம் ஆகாது என்று அவன் சொன்னது எனக்குத் தெரியாமல் இல்லை. என்னைத் தொட விடாமல் இருக்கச் சொல்கிற சாக்கு என்று நினைத்தேன். அண்டாவில் வெந்நீர் ஊற்றிச் சோப்புத்தூள் போட்டு ஊற வைத்து, ஒவ்வொன்றாகப் பிரஷால் தேய்த்தேன். நகப்பாலிஷ் தோல் தோலாக உரிந்தது. கல் ஜொலித்தது, அவன் செய்து ஒரு நாளும் அப்படி ஜொலித்ததில்லை. தொழிற்சாலைச் சங்கு ஊதுகிற நேரம் ஆகிவிட்டது. துடைத்தும் துடைக்காமலும் பஞ்சில் சுற்றினேன், கைக்கு வந்த சீட்டை உள்ளே சொருகினேன், மூடியை அழுத்திப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். அவர்கள் அந்த டப்பாவை அப்புறம் திறக்கவே இல்லை. எல்லாம் தயார் என்று இருந்துவிட்டார்கள். நாலு மாசம் மழை பெய்தது.

அதிகாரி வந்தார். தம்பி இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். அவள் லீவு போட்டு, மேஜையில் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தாள். முதல் டப்பாவின் மூடியைத் திறந்ததும் தீக்குச்சி கொளுத்தின வாடை அடித்தது. பஞ்செல்லாம் மஞ்சளாகி நைந்திருந்தது. கல்லின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதிகாரி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். அது அப்படியே மாவாக உதிர்ந்தது.

"கழுவி ஈரத்தோட மூடியிருக்காங்க, உள்ளேயே அமிலம் ஊறி அரிச்சிருக்கு" என்றார்.

தம்பி யாரைப் பார்ப்பான்? துவைத்துச் சம்பளம் வாங்குகிறவள் வீட்டில் ஒருத்திதான். அவளைப் பார்த்தான். அதிகாரி கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார், டீ வேண்டாம் என்றார், போய்விட்டார்.

தம்பி கதவைச் சாத்தினான். வாளியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான்.

"உக்காரு. ஒவ்வொண்ணா எடு. சீட்டைப் படி. படிச்சுட்டு வாளியில போடு."

"நான் தொடலைங்க. சத்தியமா நான் தொடல."

"படி."

அவள் உட்கார்ந்தாள். நான் எதிரில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். "கிழக்குச் சுவர், முப்பத்திரண்டு அடி, உள்ளங்கை அகலம், வாய் உடையாதது." உள்ளே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துணுக்கும் கொஞ்சம் மாவும்தான் இருந்தது. இரண்டாவது சீட்டில் பொத்தான் அளவு மூன்று என்று இருந்தது. உள்ளே பாதி உடைந்த பெரிய சுருள். மூன்றாவது பொட்டலத்தில் இரண்டு சீட்டு. நாலாவதில் சீட்டே இல்லை.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாம் மாறிக் கெடக்குங்க. நான் எழுதின சீட்டு, நானே மாத்தி வைப்பேனா? படிக்கத் தெரிஞ்ச யாராவது இப்படி வைப்பாங்களா? இந்த வீட்ல படிக்கத் தெரியாதவங்க யாருன்னு நான் வேற சொல்லணுமா?"

தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீ தொட்டியா?"

"எனக்கு எதுக்குடா உன் கல்லு?" என்றேன்.

என் கையையும் கத்தியையும் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் அவளிடம், "அக்கா தொடலையாம். அடுத்ததைப் படி" என்றான்.

நூற்று நாற்பதையும் படித்தாள். பாதியிலேயே தொண்டை கட்டிவிட்டது. கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். "வேணாம், கை ஈரமாகும்" என்றான். அந்த மாவு பட்டு அவள் விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. நறுக்கி முடித்த பீன்ஸையே நான் திரும்ப நறுக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவள் ஒரு பையோடு வாசலுக்கு வந்தாள். அவனிடம், "என் கையெழுத்தையெல்லாம் வாளியில போட வெச்சுட்டீங்க. இனிமே எழுத வேற ஆளப் பாத்துக்குங்க" என்றாள். என்னிடம், "நேத்து பீன்ஸ் ரொம்பப் பொடிசா இருந்துச்சு அண்ணி. கை வலிச்சிருக்கும்" என்றாள். போய்விட்டாள்.

அவன் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான் ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொண்டேன். வாளியைக் குழியில் கொட்டியதும் நான்தான். நாலாம் நாள் எழுந்து, மிச்சமிருந்த டப்பாக்களைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் நீட்டினான். எனக்கு அதை வாங்கக் கூசியது.

"அவ கழுவியிருக்க மாட்டாடா. எனக்கென்னமோ அப்படித்தான் தோணுது" என்றேன்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"முதல் சீட்டுலயே தெரிஞ்சுபோச்சுக்கா."

"அப்புறம் எதுக்குடா அவள அத்தனையும் படிக்க வெச்ச?"

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே" என்றான். "யாரையாவது படிக்க வெக்கணும்ல. அத்தனையும் போச்சு, நான் யார்கிட்ட போய் முட்டிக்கறது? உன்ன ஒக்கார வெக்க எனக்கு மனசு வரல. அவள வெச்சேன்."

"போய்க் கூட்டிட்டு வாடா. நான் வேணும்னா அவகிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

"போய்ப் பாத்தேன்." முந்தின நாள் வெளியே போனது அதற்குத்தானா என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. "நான் நடந்துக்கிட்டதுக்கு நான் அவ கால்ல விழுந்துக்கறேன், அது என் பாடு. ஆனா நீ இருக்கற வீட்டுக்கு வர மாட்டாளாம். நீ சலவைக்கூடத்துக்குப் போகணும். அங்க எல்லார் முன்னாடியும் நான்தான் கழுவினேன், தெரிஞ்சும் பேசாம உக்காந்திருந்தேன்னு சொல்லணும். சொல்லிட்டுப் பெரியவ வீட்டுக்குப் போயிடணும். போறியா?"

என் பெரிய பெண் நல்லவள். அவள் வீட்டில் எனக்கு ஒரு மூலையும் மூன்று வேளைச் சோறும் கிடைக்கும். போகலாம்தான். ஆனால் அந்த இரண்டு அறையை இருபத்தைந்து வருஷம் கூட்டி மெழுகினவள் நான். அந்த அடுப்பை வாங்கியது நான். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பான் என்று தெரிந்தவள் நான். இரண்டு டப்பா கல்லுக்காக என் தம்பியை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னால் எப்படி?

"அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போனேன்.

மறு வாரம் ஒரு தடவை கேட்டான். அதற்கு அடுத்த மாசம் ஒரு தடவை. அப்புறம் கேட்கவில்லை. குழிக்கும் வெறுமனே போய் வந்தான். ஒரு கல்லைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரி எங்கள் தெருமுனையிலிருந்து மூன்றாவது பஸ் நிறுத்தம். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாளாம். கண் பரிசோதனைக்கு அங்கே போகச் சொல்லி என் பெண்கள் நச்சரிக்கிறார்கள். நான் போகவில்லை. தெரிகிற வரை தெரியட்டும் என்று இருக்கிறேன்.