ஒரு பாராசூட்டில் இரண்டு பேர்

கோமளத்துக்குப் பால் பொங்குவது தெரியாது. அடுப்புக்கு முன்னால்தான் நிற்பாள், கண்ணும் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டாள். பால் வழிந்து அடுப்பு அணைந்து தீய்ந்த வாசனை கூடம் வரைக்கும் வந்த பிறகு, அவள் கணவர் சுந்தரராமன் பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து வருவார். "இப்போ எந்த ஊர்ல இருக்கே?" என்பார். கோமளம் கோபித்துக்கொள்ள மாட்டாள். மேடையைத் துடைத்துவிட்டு மறுபடி பால் வைப்பாள்.

ஆபீஸிலும் அதே கதைதான். அரசாங்கத் தோட்டக்கலைத் துறையில் கன்னடத் தட்டச்சராகச் சேர்ந்து அங்கேயே ரிட்டயர் ஆனவள் அவள். ஒருமுறை 'தோட்டகாரிகே இலாகா' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'மோடகாரிகே இலாகா' என்று அடித்துவிட்டாள். மோட என்றால் கன்னடத்தில் மேகம். மேகத் துறையிலிருந்து வந்த சுற்றறிக்கையைப் பார்த்து மாவட்ட ஆபீஸ்களெல்லாம் சிரித்தன. மேலதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் மெமோ வந்திருக்கும், கோமளம் என்றதும் தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டார்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே பிள்ளை விமானம் ஓட்டப் போகிறேன் என்று வந்து நின்றால் ஊர் என்ன சொல்லும்? அம்மா மேகத்திலேயே இருந்தாள், பிள்ளையையும் அங்கேயே அனுப்பிவிட்டாள் என்று மல்லேஸ்வரம் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். சுந்தரராமன் கத்தினார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். கோமளம் சொன்னது ஒரே வார்த்தை. "போகட்டுமே." அந்த வார்த்தைக்காக அவர் அவளை முழுசாக மன்னித்ததே இல்லை.

பிள்ளை சுதீர் வாரம் முழுக்கப் பயணிகள் விமானம் ஓட்டுவான். கல்யாணப் பேச்சை எடுத்தால் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த ஃப்ளைட்டுக்குக் கிளம்பிவிடுவான். ஓய்வு நாட்களில் ஊருக்கு வடக்கே உள்ள ஒரு தனியார் விமானத் திடல்தான் அவனுக்குக் கோயில். அங்கே ஒரு கிளப்பைச் சேர்ந்தவர்கள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானங்கள் இரண்டை எங்கிருந்தோ தேடிப்பிடித்துப் பறக்க வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே வார்ப்பு, இரண்டுக்கும் அதே மஞ்சள் பெயின்ட். ஒன்றை சுதீர் ஓட்டுவான். இன்னொன்றை சேஷகிரி ராவ். விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், சுதீருக்குப் பழைய விமானத்தின் நெளிவு சுளிவெல்லாம் பழக்கிவிட்டவர்.

சுந்தரராமன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். "மேலே பார்த்தா கழுத்து வலிக்கறது" என்பார். அதனால் ஏர்ஷோ நாட்களில் கோமளம் தனியாகத்தான் கேப் பிடித்துப் போவாள். அங்கே சாமியானாவுக்கு அடியில் அவளுக்கு இடம் பிடித்துவைத்துக் காத்திருப்பவள் சேஷகிரியின் மனைவி வசுமதி. கன்னடக்காரி, ஆனால் கணவர் தாம்பரத்தில் வேலையாக இருந்த வருஷங்களில் தமிழைப் பிடித்துக்கொண்டவள். ஒருத்தி எலுமிச்சம்பழ சாதம் கொண்டுவருவாள், இன்னொருத்தி காரா பாத் என்கிற கார உப்புமா. ஒருத்தி பேசிக்கொண்டே இருப்பாள், இன்னொருத்தி கேட்கிற மாதிரி எங்கேயோ இருப்பாள். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

அந்த பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை வெயில் இருந்தும் வானம் பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. பருந்துகள் வந்துவிடக் கூடாதென்று சுற்றுவட்டாரக் கறிக்கடைகளையெல்லாம் மூடச் சொல்லியிருந்தார்கள். பருந்துகளுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. இரண்டு மூன்று, மேலே அவை பாட்டுக்குச் சுற்றிவிட்டு, எஞ்சின் சத்தம் கேட்டதும்தான் விலகிப் போயின. மஞ்சள் விமானங்கள் இரண்டும் ஜோடியாக ஏறின, பிரிந்தன, பெரிய வட்டம் அடித்து எதிரெதிரே திரும்பின. அத்தனை உயரத்தில் எது யாருடையது என்று சொல்ல முடியாது. கோமளத்துக்கு அந்த இரைச்சல் தாலாட்டு மாதிரி. கண் திறந்தபடியே சொக்கிப் போயிருந்தாள்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் தொட்டுக்கொண்டன. தொட்டுக்கொண்ட மாதிரிதான் இருந்தது, அவ்வளவு மெதுவாக. ஒரு இறக்கை தனியே கழன்று காகிதம் போல ஆடி ஆடி இறங்கத் தொடங்கியது. அப்புறம்தான் சத்தம் வந்தது. கூட்டம் கை தட்டியது, இதுவும் ஒரு வித்தை என்று நினைத்துவிட்டது. விசில்கூட அடித்தார்கள். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் யாரோ ஒருத்தர் மட்டும் தட்டிக்கொண்டிருந்து அவரும் நிறுத்தினார்.

ஒரு விமானம் யூக்கலிப்டஸ் தோப்புக்குப் பின்னால் விழுந்தது. மற்றது அதற்கும் அப்பால், தண்ணீர் இல்லாத ஏரிக்குள். விழுந்த இடங்களில் ஜனங்கள் யாரும் இல்லை. வெள்ளையாக ஒரு பாராசூட் மட்டும் விரிந்து நின்றது. இரண்டாவதை எல்லோரும் தேடினார்கள், கழுத்து வலிக்க வலிக்கத் தேடினார்கள். இரண்டாவது இல்லை.

மைக்கில் யாரோ கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பதற வேண்டாம் என்று சொன்னார்கள். யார் குதித்தது என்று சொல்லவில்லை. அவர்களுக்கே தெரியாது.

கோமளமும் வசுமதியும் எப்போது கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று இருவருக்குமே தெரியாது. சுதீரா இருக்கணும், அது சுதீரா இருக்கணும். கோமளம் பிரார்த்தனை பண்ணவில்லை, பிடுங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கை தன் விரல்களை நசுக்குவது அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கையும் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது, ஆள்தான் வேறு. இந்தக் கோரிக்கை பலித்தால் அந்தக் கோரிக்கை செத்தது. தெரிந்தும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை.

பாராசூட் காற்றில் நகர்ந்து நகர்ந்து திடலைப் பார்த்து வந்தது. கிட்டத்துப் பொருள் எதுவும் கண்ணாடி இல்லாமல் தெரியாது கோமளத்துக்கு, தூரப் பார்வை மட்டும் படு கூர்மை. கயிறுகள் தெரிந்தன. அடியில் தொங்குகிற ஆள் தெரிந்தான். முகம் தெரியவில்லை. கால்கள் தெரிந்தன. ஒரு கால் சும்மா தொங்கியது. இன்னொரு கால் ஆடிக்கொண்டிருந்தது, முழங்காலுக்குக் கீழே, முன்னும் பின்னும்.

சுதீர் அப்படித்தான். இடுப்பில் இருந்த வயசிலேயே ஒரு காலை ஆட்டுவான். பார்பர் ஷாப் நாற்காலியில், பரீட்சை பெஞ்சில், யூனிஃபார்மோடு சோஃபாவில் உட்கார்ந்து காபி குடிக்கையில் எல்லாம் ஆட்டுவான். காலை ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று சுந்தரராமன் இன்றைக்கும் தொடையில் தட்டுவார். ஆகாயத்தில் தட்ட ஆள் ஏது, ஆட்டிக்கொண்டே வந்தான்.

கோமளத்துக்கு வந்தது சந்தோஷம். அதற்கு வேறு பெயர் கிடையாது. அவன்தான் என்று வாயைத் திறக்கப்போனாள்.

"அவரே அது" என்றாள் வசுமதி.

அவள் கண்ணாடி முழுக்க ஈரமாக இருந்தது. அதைக் கழற்றித் துடைக்கவும் தோன்றாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "நோடி கோமளா, அந்தத் தோளைப் பாருங்க. இத்தனை வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? அவரேதான்."

கோமளத்தின் வாய் திறந்தபடி நின்றது.

அப்புறம்தான் வசுமதிக்குத் தான் சொன்னதன் இன்னொரு பாதி புரிந்தது. அப்படியே திரும்பிக் கோமளத்தைக் கட்டிக்கொண்டாள். "அய்யோ, உங்க புள்ள. நான் எவ்ளோ பெரிய பாவி கோமளா, உங்க பக்கத்துல உக்காந்துண்டு சந்தோஷப்படறேனே." அழுதாள், அவள் முதுகைத் தடவினாள், தட்டிக்கொடுத்தாள். "நீங்க தனி இல்ல. நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். கேட்டுதா? நாங்க ரெண்டு பேரும் உங்களோட இருப்போம்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையில் சேஷகிரி ராவ் இல்லாமல் போய்விடுவார். வாழ்நாள் முழுக்க நேரத்துக்கு எதையும் செய்யாத கோமளம் அந்த வார்த்தையையும் நேரத்துக்குச் சொல்லவில்லை. நன்றாக யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டாள் என்று சொன்னால் அது பொய். அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். செத்துப்போன மகனுக்கான ஆறுதலையெல்லாம், அந்த மகன் காலாட்டிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தபடியே அவள் வாங்கிக்கொண்டாள்.

வசுமதியின் தோளுக்கு மேலாகப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. அந்த அகலத் தோள், நரைத்த மீசை. காபியை டவராவில் ஊற்றி ஊதி ஊதிக் குடிக்கிற மனுஷன், கோமளம்மாவுக்கு வெயில் படுகிறது பார் என்று சாமியானாக்காரனை விரட்டுகிற மனுஷன். அவரும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி காற்றை வாங்கி உப்பி ஒருக்களித்து மறுபடி நிமிர்ந்தது. கீழே அத்தனை ஜனமும் அண்ணாந்து நின்றது. ஒரே பாராசூட்டில் இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

தரை நெருங்கியது. வேண்டாம், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றது கோமளத்தின் மனசு. பெற்ற பிள்ளை பூமிக்கு வந்து சேரக் கூடாது என்று அவள் நினைத்தாள். மேலே வந்த ஒரு காற்று அவள் சொன்னதைக் கேட்ட மாதிரி பாராசூட்டைச் சற்றுத் தூக்கி, வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய், மெதுவாக மரங்களுக்குப் பின்னால் இறக்கியது.

ஜீப் போயிற்று. ஜீப் வந்தது. வசுமதி இன்னும் அவளைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள், முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஜீப்பிலிருந்து முகமெல்லாம் கரியோடு, ஒரு கையை மறுகையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுதீர் இறங்கினான்.

வசுமதி பார்த்தாள். கத்தவில்லை. அவள் கை மட்டும் நிற்காமல் கோமளத்தின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா" என்றான் சுதீர்.

கோமளம் எழுந்திருக்கவில்லை. மகனிடம் ஓடவில்லை, தொடவில்லை, கையில் என்ன அடி என்றுகூடக் கேட்கவில்லை. வசுமதியை விட்டுவிட்டு எழுந்திருக்க அவளால் ஆகவில்லை. சுதீர்தான் வந்து வசுமதியின் காலடியில் உட்கார்ந்தான், ஆன்ட்டி, ஆன்ட்டி என்றான். அன்றைக்கு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பிறகுதான் கோமளம் அவன் தலையைத் தொட்டாள். அவசரமாக வந்து சேர்ந்த சுந்தரராமன் மகனுடைய ஆடுகிற காலையே பார்த்துக்கொண்டிருந்தார், தொடையில் தட்டவில்லை.

சேஷகிரியின் காரியங்கள் எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் ஊருக்குப் போன பிறகு ஒருநாள் கோமளம் பசவனகுடியில் இருக்கும் வசுமதி வீட்டுக்குப் போனாள். சமையலறையில் வசுமதி காபி கலந்துகொண்டிருந்தாள். முன்னெல்லாம் பேச்சை நிறுத்தாதவள், இப்போது பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

"ஒண்ணு கேக்கணும் கோமளா" என்றாள், திரும்பாமலே. "நீங்க எப்போ பாத்தீங்க?"

மழுப்பியிருக்கலாம். தூரத்தில் எதுவும் புரியவில்லை என்றிருக்கலாம். கோமளத்துக்கு அதெல்லாம் வராது.

"நீங்க அவர்னு சொல்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. காலை ஆட்டிண்டிருந்தான். அப்பவே தெரிஞ்சுடுத்து."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். போ வெளியே என்றால் போய்விட வேண்டியதுதான். என் அழுகையை ஏன் வாங்கிக்கொண்டாய் என்று திட்டினால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். வசுமதி டம்ளரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"அப்போ அவ்ளோ நேரமும் எனக்காக அவரை மேலேயே வெச்சிருந்தீங்க."

கோமளம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கக் கூடாதா, கோமளா?" என்றாள் வசுமதி.