பாரீஸ் கேட்காத கூடம்

என் மாமனார் ரேடியோ வாங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. முதலில் அவருக்கே இல்லை. கோர்ட்டில் பெரிய குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கிய மனுஷன். புதுச்சேரியில் பிறந்து புதுச்சேரியிலேயே வளர்ந்தவர், பாரீஸை ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பேச ஆரம்பித்தால் நேற்றுதான் அங்கிருந்து கப்பலில் வந்து இறங்கியவர் மாதிரி பேசுவார். கண்ணை மூடுவதற்குள் பாரீஸ் பேசுவதைத் தன் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்காகத்தான் அந்தப் பெட்டி.

மாதா படத்துக்குக் கீழே மேஜை போட்டு அதை வைத்தார். மேலே ஒரு லேஸ் துணி. அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. என் கணவர்கூடத் தொட மாட்டார்; அவர் தன் அப்பா முன்னால் எதையுமே தொட மாட்டார், அது வேறு கதை. சாயங்காலமானால் மாமனார் சாய்வு நாற்காலியில் வந்து சாய்வார். சாய்ந்ததும் தலைக்கு மேல் ஃபேன் சுற்ற வேண்டும். வீட்டில் இருந்ததே அந்த ஒரு ஃபேன்தான். அது அவருக்கு மட்டும்தான் சுற்றும். சித்திரை வெயிலில் நாங்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு கிடப்போம், அவர் எழுந்து போனால் ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் போவார். ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகு "சிலான்ஸ்!" என்று ஒரு அதட்டல். அடுப்படியில் கரண்டி சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அப்புறம்தான் பெட்டியைத் திருகுவார்.

ஒரே கரகரப்பு. காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி. நடுவில் எங்கேயோ ஒரு பிரெஞ்சுக்காரன் ரெண்டு வார்த்தை சொல்லுவான், மறுபடியும் கடுகு.

இதற்கு அவர் யார் மேல்தான் பழி போடவில்லை? முதலில் கடல்காற்று. மாடியில் கட்டியிருந்த ஏரியல் கம்பியை உப்பு அரிக்கிறது என்று அதை மூன்று முறை மாற்றினார். அப்புறம் எதிர்வீட்டுத் தையல்காரர். அவர் தையல் மிஷின் காலால் மிதிக்கிற மிஷின். அதற்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் இவர் தெருவில் நின்று சண்டை போட்டார். அந்த மனுஷன் பாவம், கையில் அரைகுறையாகத் தைத்த சட்டையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பழி என் தலையில் வந்து விழுந்தது. ரேடியோவிலிருந்து ஒரு கம்பி தோட்டத்து மண்ணுக்குள் போகும். அந்த இடம் எப்போதும் ஈரமாக இருந்தால்தான் சத்தம் தெளிவாக வரும் என்று விற்றவர் சொல்லியிருந்தாராம். ஈரம் காயாமல் பார்ப்பது என் வேலை. தினமும் கிணற்றில் இறைத்து அந்தக் குழியில் ஊற்றுவேன். பக்கத்தில் கொல்லையில் கீரைகூட அப்படிச் செழித்தது. ஆனாலும் கரகரப்பு வந்ததும் கூடத்திலிருந்து சத்தம் வரும்.

"ஏம்மா, தண்ணி ஊத்துனியா இல்லியா?"

"ஊத்திட்டேன் மாமா."

"ஊத்துன லட்சணம்! உங்கப்பன் வீட்டுல பிடில் வாசிக்கத்தான் சொல்லிக் குடுத்திருப்பான்."

அதுதான் விஷயம். என் அப்பா வயலின் வாசிப்பவர். கருவடிக்குப்பத்தில் இருந்துகொண்டு மாதா கோவில் பூசையில் வாசிப்பார், கச்சேரிகளில் பக்கவாத்தியம் வாசிப்பார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். என் கணவர் ஒற்றைக்காலில் நின்றதால்தான் மாமனார் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். சம்மதித்தாரே தவிர மன்னிக்கவில்லை. என் அப்பா வந்தால் அந்தக் கூடத்தில் ஒரு நாளும் நாற்காலி போட்டதில்லை. அவர் பின்வாசல் வழியாக வந்து, கிணற்றடியில் என்னோடு நின்று பேசிவிட்டுப் போவார். நான் ஒருமுறை முக்காலியை எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டேன். அதற்கு மாமனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த வாரம் எனக்கு நன்றாகவே கழிந்தது.

மெட்ராஸில் ரேடியோ நிலையம் திறந்த சமயம் அது. அப்பாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். பிடித்துப்போய் ஒரு நாள் சாயங்காலம் கால் மணி நேரம் தனியாக வாசிக்க வரச் சொன்னார்கள். ஆயுசு முழுக்க அடுத்தவர் பாட்டுக்குப் பின்னால் வாசித்தவருக்குத் தனியாகக் கால் மணி நேரம்! கிணற்றடியில் நின்று என்னிடம் அதை இரண்டு தடவை சொன்னார். "உங்க வீட்டுல ரேடியோ இருக்குல்ல, கேளும்மா," என்றார். எனக்கு வேறொன்று தோன்றியது. நாற்காலி போடாத அந்தக் கூடத்துக்குள் என் அப்பா நடுநாயகமாக வரப்போகிறார். ஆனால் இந்தக் கரகரப்பில் வந்து என்ன பிரயோஜனம்?

அந்தச் சமயத்தில்தான் மாமனாரும் என் கணவரும் ஒரு சாவுக்காகக் கடலூர் போனார்கள். வீட்டில் நான் மட்டும். லேஸ் துணியை எடுத்துவிட்டுப் பெட்டியைத் திருகினேன். மெட்ராஸில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். கடுகு இல்லை, கரகரப்பு இல்லை. பாடகர் மூச்சு இழுக்கிற சத்தம்கூடக் கேட்டது. சரி, மகாராணி மாதிரி உட்கார்ந்து கேட்போம் என்று அவருடைய சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். ஃபேனையும் போட்டுப் பார்ப்போமே என்று எழுந்து சுவிட்சைத் தட்டினேன். தட்டியதுதான் தாமதம், கடுகு வெடித்தது. நிறுத்தினேன், பாட்டு வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி கடுகு. நான் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். கடல் மேல் பழி, தையல்காரர் மேல் பழி, என் மேல் பழி. கடைசியில் அந்த மனுஷனுக்குக் காற்று வீசிய ஃபேன்தான் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறது! அவர் இல்லாமல் யாரும் ரேடியோ போடக் கூடாது, ஃபேன் இல்லாமல் அவர் உட்காரக் கூடாது. அப்புறம் யாருக்குத் தெரியும்?

அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், நீ ஏன் பெட்டியைத் தொட்டாய் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். அப்பா வாசிக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

என் கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு மாமனார், "போடலாம், என்னதான் வாசிக்கிறான்னு பாப்போம்," என்றார். அவருடைய கோர்ட் சிநேகிதர்கள் இரண்டு பேரையும் வரச் சொன்னார். கேட்டு ரசிக்க இல்லை, சேர்ந்து சிரிக்க. அன்று ஃபேன் சுற்றியது, சிலான்ஸ் சொன்னார், மெட்ராஸைத் திருகினார். கரகரப்புக்குள் வயலின் எங்கேயோ முனகியது.

"எது பிடிலு, எது கரகரன்னு தெரியுதா முசியே?" என்றார் மாமனார். மூன்று பேரும் சிரித்தார்கள்.

நான் கதவோரம் போய் சுவிட்சை நிறுத்தினேன்.

என் அப்பா கூடத்துக்குள் வந்தார். அப்படித்தான் இருந்தது எனக்கு. வில் நரம்பில் படுகிற இடம்வரை தெரிந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. சிநேகிதர்களில் ஒருவர் "அடடா" என்றார். என் கணவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நிறுத்திய பிறகும் ஃபேன் கொஞ்ச நேரம் தன் பாட்டுக்குச் சுற்றுமில்லையா, அதனால் மாமனாருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் முகம் மலர்ந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த மனுஷனுக்கும் காது இருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

"இன்னிக்கு எவ்ளோ தெளிவா இருக்கு பாத்தியா!" என்று எழுந்தார். "பாரீஸைப் புடிச்சிடலாம்!"

திருகிவிட்டார்.

"மாமா, அப்பா இன்னும் முடிக்கல," என்றேன். சிநேகிதர்கள் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கப்பன் பிடிலு எங்க போயிடப் போவுது? பாரீஸ் இப்படிக் கெடைக்குமா?"

என் கணவர் தரையைப் பார்த்தார். பெட்டிக்குள் ஒரு பிரெஞ்சுக்காரன் கணீரென்று பேச ஆரம்பித்தான். மாமனார் கண்ணில் தண்ணீர் தளும்பியது. நான் சுவிட்சைப் போட்டேன். பிரெஞ்சுக்காரன் கடுகுக்குள் போய்விட்டான். மாமனார் பெட்டியைத் தட்டினார், குத்தினார், கத்தினார். "தண்ணி ஊத்தும்மா! மண்ணு காஞ்சி போச்சி, ஓடு!" ஓடிப்போய் வாளி வாளியாக ஊற்றினேன். திரும்பி வந்தபோது அப்பாவின் கால் மணி நேரம் முடிந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பா பின்வாசலுக்கு வந்தார். "கேட்டியாம்மா?" என்றார்.

"முழுசா கேட்டேன்ப்பா."

"உங்க மாமனாரு?"

"அவரும்தான். கண்ணுல தண்ணி வந்துடுச்சி."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெட்ராஸ் ரேடியோக்காரர்கள் அவரை மறுபடி கூப்பிடவே இல்லை.

அதற்குப் பிறகு சாயங்காலத்தில் மாமனார் கூடத்துக்கு வரும் சத்தம் கேட்டாலே, கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு ஓடுவேன். அவர் நாற்காலியில் சாய்வதற்குள் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் சொல்லி மாய்ந்துபோவார்: "பிடில்காரன் பொண்ணுன்னு நெனச்சேன். மருமவள்னா இப்படி இருக்கணும். ஒரு நாளு என்னைப் புழுக்கத்துல உக்கார உட்டதில்ல."

அவர் கண்ணை மூடும்வரை உட்கார விடவில்லை.